சுவரில் ஏறும் நீர்

*கொல்கத்தா வீடுகளின் அன்றாட இன்னல்களும், அவ்வீடுகளில் வாழ்வோர் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளும் அனுபவ அறிவும்*

2025 செப்டம்பர் 22-ஆம் தேதி நள்ளிரவு கழிந்த வேளையில், மஹாளய அமாவாசை போய் இரண்டு நாளே ஆகி, துர்க்கா பூஜைப் பந்தல்களில் மூங்கிலும் துணியும் ஏறி முடியும் தறுவாயில் இருந்தபோது, கொல்கத்தா நகரத்தின்மீது மழை இறங்கத் தொடங்கியது. விடிவதற்குள் தென்பகுதியின் சந்துகளெல்லாம் கால்வாய்களாகிவிட்டன. தெருவாசல் வழியாக மட்டும் தண்ணீர் வந்திருந்தால் மணல்மூட்டை போட்டுத் தடுத்திருக்கலாம். ஆனால் அது ஸ்நான அறைத் தரையிலுள்ள சாக்கடைத் துவாரத்தின் வழியே, கறுத்த நிறத்தோடும் துர்நாற்றத்தோடும், வீட்டுக்குள்ளிருந்தே பொங்கி எழுந்தது. கீழ்த்தளத்தில் உறங்கியவர்கள் கட்டிலிலிருந்து காலைக் கீழே வைத்தபோதுதான் அதை அறிந்தார்கள். அரிசி டின் கட்டிலின்மேல் ஏறிற்று; குளிர்ப்பெட்டியின் அடியில் செங்கற்கள் செருகப்பட்டன; பிள்ளைகளின் பாடப் புத்தகங்களும் பூஜைக்கென்று வாங்கிவைத்த புதுத் துணிகளும் மாடிவீட்டாரின் படிக்கட்டுக்குப் போயின. ஒரு நாள் கணக்கில் பதிவான மழை 251.4 மில்லிமீட்டர், 1986-க்குப் பின் அந்நகரம் ஒரே நாளில் கண்ட மிகப் பெரிய மழை அதுவே. அன்று மாண்டவர்களில் பெரும்பாலோரைக் கொன்றது வெள்ளமன்று, தேங்கிய நீரில் பாய்ந்திருந்த மின்சாரம்.

பேரிடர் என்று செய்தித்தாள்கள் அதற்குப் பெயரிட்டன. அந்நகரத்தில் நெடுங்காலம் குடியிருக்கும் கிருஹஸ்தர்களுக்கோ, அன்றிரவு நடந்தது ஆண்டு முழுவதும் தங்கள் வீட்டில் சிறிது சிறிதாக நடந்துவரும் காரியத்தின் உச்சமாகவே தோன்றியது. உதிரும் சுவர்ப்பூச்சு, கசியும் மேல்தளம், அலமாரிக்குள் பூஞ்சை பிடிக்கும் பட்டுப்புடவை, மஞ்சள் கறை படிந்த தொட்டி, புகுந்த இடம் தெரியாமல் வரும் கறையான், வீட்டுக்கு ஒருவரைப் படுக்கையில் தள்ளும் டெங்குக் காய்ச்சல் என்று தனித்தனி உபத்திரவங்களாக நாம் எண்ணுகிறவை யாவும் ஒரே மூலத்திலிருந்து கிளைத்தவை. அம்மூலம் நீர். அதன் வழியைக் கண்டறிந்தவர் வீட்டைக் காப்பாற்றிக்கொள்கிறார். வழியறியாது செலவு செய்தவர் இரண்டு மழைக்காலத்துக்குள் அதே செலவை மீண்டும் செய்கிறார். இந்த அறிவு பொறியியல் நூல்களில் இருப்பதைக் காட்டிலும் கொல்கத்தாவின் தெருத் திண்ணைகளிலும் மொட்டை மாடிகளிலும் காய்கறிக் கடை வாசல்களிலும் அதிகமாகப் புழங்குகிறது. அதைத் தொகுத்துச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

கிழக்கே சாயும் நகரம்

ஹூக்ளி நதி ஆண்டாண்டுகளாகக் கொணர்ந்து சேர்த்த வண்டலின்மீது அமைந்தது கொல்கத்தா. கடல்மட்டத்திலிருந்து அதன் உயரம் ஏறக்குறைய 1.5 மீட்டரிலிருந்து 9 மீட்டர் வரைதான். நதிக்கரை மேடாகவும், அங்கிருந்து கிழக்கே போகப் போக நிலம் தாழ்வாகவும் இருப்பதால், கண்ணெதிரே பெரிய நதி ஓடியும் நகரத்தின் மழைநீரில் பெரும்பகுதி அதில் இயல்பாகச் சேர்வதில்லை. எதிர்த்திசையில் கிழக்கேயுள்ள சதுப்பு நிலங்களின் பக்கமாகப் போய்க் குல்டி ஆற்றில் விழுகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் ஆங்கிலேயப் பொறியாளர்கள் செங்கல்லால் கட்டிய பாதாளச் சாக்கடைகள் இன்றும் பழைய நகரத்துக்குப் பணிசெய்கின்றன. நதியில் கடலேற்றம் வரும்போது அதன் கரையிலுள்ள மதகுகளை மூடிவிடவேண்டும். மூடிய நேரத்தில் கனமழையும் சேர்ந்தால் தண்ணீருக்குப் போக்கிடம் இல்லை. ஆகவே கொல்கத்தாவில் மழைக்கால ஏற்பாடுகளைச் செய்யும் முதிய இல்லத்தரசிகள் பஞ்சாங்கத்தில் அமாவாசை பௌர்ணமியையும் பார்த்துக்கொள்வதில் நியாயம் இருக்கிறது. பெரிய கடலேற்றங்கள் அந்நாள்களை ஒட்டியே வருகின்றன.

பெட்டிச் செய்தி: நகரமும் நீரும்

• டாலா நீர்த்தேக்கத் தொட்டி: 1911-இல் பயனுக்கு வந்தது, ஏறத்தாழ 110 அடி உயரம், கொள்ளளவு 90 லட்சம் காலன். வடக்கேயுள்ள பல்டாவில் ஹூக்ளி நீர் சுத்தம் செய்யப்பட்டு இங்கே வருகிறது.
• கிழக்குக் கொல்கத்தாச் சதுப்பு நிலங்கள்: சுமார் 12,500 ஹெக்டேர், 2002-இல் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றன. நகரத்தின் கழிவுநீரைச் சூரிய ஒளியாலும் பாசியாலும் மீன்களாலும் தூய்மை செய்யும் இயற்கை ஏற்பாடு.
• தென்மேற்குப் பருவமழை வழக்கமாக நகரத்தை எட்டுவது: ஜூன் இரண்டாம் வாரம்.
• ஆம்பன் புயல்: 2020 மே 20. நகரத்தில் ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. பல பேட்டைகளில் நாள்கணக்கில் மின்சாரமும் குழாய்நீரும் இல்லாது போயின.

உப்பு பூக்கும் சுவர்கள்

வடகொல்கத்தாவின் பழைய மாளிகையாயினும், பாலிகஞ்சில் 1940-களில் எழுந்த இரண்டடுக்கு வீடாயினும், ராஷ்பிஹாரி அவென்யூவை ஒட்டி லேக் மார்க்கெட் சுற்றுவட்டாரத்தில் தமிழ்க் குடும்பங்கள் தலைமுறைகளாக வாடகைக்கு இருந்துவந்த கீழ்த்தளமாயினும், சுவரின் அடியில் இரண்டு மூன்று அடி உயரத்துக்கு வெண்மையான தூள் பூத்திருப்பதையும், கை வைத்தால் பூச்சு பொலபொலவென்று உதிர்வதையும் காணலாம். வங்காளத்தார் இதனை 'நோனா' பிடித்தது என்பர். விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல, செங்கல்லின் நுண்துளைகள் வழியே நிலத்தின் ஈரம் மேலேறுகிறது. மண்ணிலும் செங்கல்லிலும் உள்ள உப்புகளைக் கரைத்துக்கொண்டு வந்து, சுவரின் புறப்பரப்பில் தான் ஆவியாகி, உப்பை மட்டும் விட்டுச்செல்கிறது. அவ்வுப்பு படிகமாகித் தடிக்கும்போது பூச்சைப் பெயர்த்துத் தள்ளுகிறது.

பழைய கட்டடங்களில் அஸ்திவாரத்துக்கும் சுவருக்கும் இடையே ஈரத்தைத் தடுக்கும் படலம் வைக்கும் வழக்கம் இல்லை. அதற்கு ஈடாக அக்காலத்துக் கொத்தனார்கள் வேறொரு உபாயம் வைத்திருந்தனர்: செங்கற்பொடியாகிய சுர்க்கியும் சுண்ணாம்பும் கலந்த சாந்தால் கட்டி, சுண்ணாம்பையே பூசினார்கள். முல்லைப்பெரியாறு அணையை 1895-இல் எழுப்பி முடித்ததும் இதே சுண்ணாம்பு-சுர்க்கிக் கலவையால்தான் என்பது தமிழ் வாசகர்களுக்குத் தெரிந்ததே. சுண்ணாம்புப் பூச்சு ஈரத்தை உள்ளே சிறைப்படுத்துவதில்லை. வாங்கி, காற்றில் விட்டுவிடுகிறது. இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சிமென்ட் மலிந்ததும், உதிர்ந்த இடத்தைக் கொத்திவிட்டுச் சிமென்ட்டால் இறுக்கி, அதன்மேல் எண்ணெய்ச் சாயம் அடிப்பது பழக்கமாயிற்று. விளைவு என்ன? வெளியேற வழியடைபட்ட ஈரம் சிமென்ட் முடியும் எல்லைக்கு மேலே ஏற, முன்பு இரண்டடி உயரத்தில் இருந்த நோவு நான்கடி உயரத்தில் தோன்றியது. சுவரைப் பளபளப்பான ஓடுகளால் மூடியவர்களுக்கும் இதே கதி. ஓடுகளின் பின்னால் செங்கல் மெத்தென்று நைந்துபோவது வெளியே தெரியாமலிருந்தது ஒன்றே வேறுபாடு.

பட்டறிந்த வீட்டுக்காரர்கள் புதிதாகக் குடிவருவோருக்குச் சொல்லும் யோசனைகள் எளியவை. பூத்த உப்பைத் தண்ணீரிட்டுக் கழுவாதே. கழுவினால் அது கரைந்து மீண்டும் சுவருக்குள் போகும். உலர்ந்த தூரிகையால் துடைத்து, கீழே விழுந்த தூளை முறத்தில் வாரி வெளியே கொட்டு. சுவரின் வெளிப்புறத்தில் மண்ணோ, செடித்தொட்டியோ, உயர்த்திப் போட்ட நடைபாதையோ சேர்ந்து உட்தரையைவிட மேடாக இருக்கிறதா என்று பார். இருந்தால் முதற்செலவு அங்கே. கட்டிலையும் மர அலமாரியையும் சுவரிலிருந்து நான்கு விரற்கடை விலக்கிப் போடு. பூச்சு வேலை அவசியமானால் மழைக்காலம் ஓய்ந்து, கார்த்திகை மார்கழியில் சுவர் உலர்ந்தபின், சுண்ணாம்பு வேலை தெரிந்த ராஜமிஸ்திரியை, அதாவது கொத்தனாரை, தேடிப் பிடி. அத்தகைய மிஸ்திரிகள் அருகிவருகிறார்கள் என்பதே இன்று பெருங்கவலை. ஒருவர் கிடைத்தால் அவர் விலாசம் தெரு முழுவதும் கைமாறுகிறது.

பெட்டிச் செய்தி: ஈரம் எங்கிருந்து வருகிறது?

• ஒரு முழச் சதுரமான பிளாஸ்டிக் தாளைச் சுவரில் நாற்புறமும் ஒட்டுநாடாவால் காற்றுப் புகாமல் ஒட்டி, இரண்டு நாள் விட்டுவையுங்கள். தாளின் அறைப்பக்கம் நீர்த்துளி அரும்பினால் அறைக் காற்றின் ஈரம். ஜன்னலைத் திறப்பதே மருந்து. சுவர்ப்பக்கம் அரும்பினால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது.
• தரையிலிருந்து மூன்றடிக்குள் ஒரே மட்டமாகக் கறை இருந்தால் நிலத்தின் ஈரம்.
• நடுச்சுவரிலோ மேலேயோ திட்டாக இருந்து, மழைக்குப் பின் பெரிதானால் மேல்தளம் அல்லது வெளிச்சுவர் வெடிப்பு.
• மழையில்லாத மாதத்திலும் குறையாத திட்டு என்றால் குழாய்க் கசிவு. இரவில் எல்லாக் குழாய்களையும் மூடித் தொட்டியின் மட்டத்தைக் குறித்துவைத்து, காலையில் ஒப்பிடுங்கள்.

தலைக்கு மேலே

பழைய வீடுகளின் மேல்தளம், மர உத்தரங்களின்மேல் கட்டைகளும் அவற்றின்மேல் ஓடுகளும் பரப்பி, செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் சுர்க்கியும் கலந்த சாந்தை இட்டு, நாள்கணக்கில் மரக்கட்டையால் தட்டித் தட்டி இறுக்கிச் செய்யப்பட்டது. அவ்வாறு தட்டுகிறபோது பணிப்பெண்கள் பாடிய பாட்டுகளுக்கு வங்காளத்தில் தனிப் பெயரே உண்டு. கடுக்காயும் கருப்பட்டியும் ஊறிய நீர் தெளித்துத் தட்டிய நம் மதராஸ் தளத்துக்கு இது நெருங்கிய உறவு. நூறு ஆண்டு தாங்கிய இத்தளங்கள் இன்று ஒழுகுகிற காரணத்தைத் தேடினால், பெரும்பாலும் சாந்தின் முதுமையைவிட நம்முடைய அசிரத்தையே தென்படுகிறது: மழைநீர்க் குழாயின் வாயில் சேர்ந்த இலைகள், தளத்தின் ஓரமாக அடுக்கிய செடித்தொட்டிகள், ஒழுகுகிறதென்று ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்ட சிமென்ட் அடுக்குகளின் பாரம்.

இவற்றோடு அரசங்கன்று. காக்கையின் எச்சத்தில் வந்த விதை கைப்பிடிச் சுவரின் வெடிப்பில் விழுந்து இரண்டு இலை விடுகிறது. தெய்வத் தருவென்று அஞ்சி விட்டுவிட்டாலோ, சோம்பலால் விட்டுவிட்டாலோ, பத்தாண்டில் அதன் வேர் சுவரின் நடுவே இறங்கிச் செங்கற்களைப் பிரித்துவிடுகிறது. மேலே வெட்டினால் தழைக்கும். ஆகவே இரண்டு இலைப் பருவத்திலேயே வேரோடு பிடுங்கி, அவ்வெடிப்பை அன்றே சுண்ணாம்புச் சாந்தால் அடைக்கவேண்டும் என்பதும், வேர் பெருத்துவிட்ட பிறகு இழுத்துப் பிடுங்கினால் சுவரும் கூட வருமாதலால் அனுபவமுள்ள ஆளைக் கொண்டு செங்கல் செங்கல்லாகப் பிரித்து எடுத்துத் திரும்பக் கட்டவேண்டும் என்பதும் வடகொல்கத்தாக் குடும்பங்கள் தலைமுறைகளாக அறிந்தவை. மொட்டை மாடிக்கு வாரம் ஒருமுறை ஏறிப் பார்க்கும் ஒருவர் இருக்கும் வீட்டில் மேல்தளம் அநேகமாக ஒழுகுவதில்லை.

மழை இடைவிட்டு ஆவணியில் வெயில் சுள்ளென்று எரிக்கும்போது, பெட்டியிலுள்ள பட்டுத்துணிகளையும் கம்பளிகளையும் புத்தகங்களையும் மாடியில் பரப்பிக் காயவைப்பது வங்காள இல்லங்களின் பத்ர மாத வழக்கம். ராமபாணப் பூச்சிக்கும் பூஞ்சைக்கும் அதனினும் மலிவான மாற்று இல்லை. பட்டின் சாயம் வெளுக்காமலிருக்க மெல்லிய பழந்துணியால் மூடிவைப்பதும், காய்ந்தவுடன் சூட்டோடு மடிக்காமல் ஆறவிட்டுப் பெட்டியில் வைப்பதும் அங்குள்ள மாசிமாக்கள் நம் மாமிகளுக்குக் கற்றுக்கொடுத்த நுட்பங்கள்.

குடிக்கும் நீரும் மண்ணிலுள்ள நஞ்சும்

மாநகராட்சிக் குழாயில் தண்ணீர் குறித்த வேளைகளில் வருகிறது. அவ்வேளைக்கேற்பவே வீட்டின் நாள் வகுக்கப்படுகிறது. கீழ்த்தொட்டியில் பிடித்து, மோட்டாரால் மேல்தொட்டிக்கு ஏற்றும் வீடுகளில், இரண்டு தொட்டிகளையும் மழைக்கு முன்னும் பின்னும் கழுவவேண்டும். கீழ்த்தொட்டி வெள்ளத்தில் மூழ்கியிருந்தால் அந்நீரை முழுவதும் இறைத்துக் கொட்டி, வெளுப்புத்தூள் கலந்த நீரால் தேய்த்துக் கழுவியபின்பே மறுபடி நிரப்பவேண்டும். வெள்ளம் வடிந்த பிறகு வரும் வயிற்றுப்போக்குக்குப் பல வீடுகளில் காரணம் இந்தத் தொட்டியே.

குழாய்நீர் போதாத தெற்குப் புறநகர்ப் பேட்டைகளில் ஆழ்குழாய்க் கிணறுகளை நம்பியிருப்போர் பலர். நீரில் இரும்புச்சத்து மிகுந்திருந்தால் தொட்டியில் மஞ்சள் கறை படிகிறது. அது கண்ணுக்குத் தெரியும் தொல்லை. தெரியாத தொல்லை ஆர்சனிக். வங்காள வண்டலில் இயற்கையாகவே கலந்துள்ள இந்நஞ்சால் தோல்நோய் கண்டவர்களை 1983-இல் கொல்கத்தா வெப்பமண்டல மருத்துவப் பள்ளியின் டாக்டர் கே. சி. சாஹா கண்டறிந்தார், பின்னர் ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்தில் திபங்கர் சக்ரவர்த்தி பல்லாண்டுகள் மாநிலம் முழுவதும் கிணறு கிணறாகச் சோதித்து உலகின் கவனத்தை ஈர்த்தார். குடிநீரில் லிட்டருக்கு 10 மைக்ரோகிராமுக்கு மேல் ஆர்சனிக் இருத்தலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. இங்கே பரோபகாரமாகச் சொல்லப்படும் ஒரு யோசனை பெருந்தீங்கு செய்யக்கூடும்: "எதற்கும் காய்ச்சிக் குடியுங்கள்" என்பது. காய்ச்சுவதால் கிருமி சாகும், ஆர்சனிக் போகாது, நீர் சுண்டச் சுண்ட அதன் அளவு கூடவே செய்யும். சாதாரண மெழுகுவர்த்தி வடிகட்டியும் அதற்கு உதவாது. ஆழ்குழாய் நீரைக் குடிப்போர் ஒருமுறையேனும் அதை ஆய்வுக்கூடத்தில் சோதிக்கக் கொடுப்பதும், குடிக்கவும் சமைக்கவும் மாநகராட்சிக் குழாய்நீரையே வைத்துக்கொண்டு ஆழ்குழாய் நீரைக் குளிக்கவும் துவைக்கவும் ஒதுக்குவதுமே விவேகம்.

ஏழு நாள் கணக்கு

மலேரியாவைக் கொசு பரப்பும் வழியை ரொனால்ட் ராஸ் பறவைகளைக் கொண்டு முழுமையாக நிரூபித்தது 1898-இல், இதே கொல்கத்தாவின் பிரசிடென்சி ஜெனரல் மருத்துவமனை வளாகத்தில். இன்று அது எஸ்.எஸ்.கே.எம். மருத்துவமனை. அந்நகரத்திலேயே ஆண்டுதோறும் மழை ஓயும் காலத்தில் டெங்கு வீடு வீடாகப் புகுவது வேதனைக்குரியது.

டெங்குவைச் சுமக்கும் ஏடிஸ் கொசு சாக்கடையை நாடுவதில்லை. தெளிந்து நிற்கும் சிறு நீரே அதற்கு வேண்டும். பூந்தொட்டியின் அடித்தட்டு, குளிர்ப்பெட்டியின் பின்தட்டு, மாடியில் கிடக்கும் உடைந்த வாளி, கட்டி முடியாத வீட்டின் லிப்ட் குழி ஆகியவை அதன் பிரசவ அறைகள். முட்டை கொசுவாக ஏறத்தாழ ஒரு வாரம் முதல் பத்து நாள் வரை ஆகிறது. ஆதலால் வாரத்தில் ஒரு கிழமையைக் குறித்துக்கொண்டு எல்லா நீர்க்கலங்களையும் கவிழ்த்தால் சங்கிலி அறுபடும். அறியவேண்டிய நுட்பம் ஒன்று உண்டு: முட்டைகள் நீருக்குச் சற்று மேலே கலத்தின் சுவரில் ஒட்டிக்கொண்டு, நீர் வற்றினாலும் மாதக்கணக்கில் உயிரோடிருந்து, மீண்டும் நீர் பட்டதும் பொரிகின்றன. ஆகவே நீரைக் கொட்டினால் மட்டும் போதாது. நாரால் உட்புறத்தைத் தேய்க்கவேண்டும். பூட்டிக் கிடக்கும் பக்கத்து வீட்டின் மாடியில் தேங்கிய நீருக்கு யார் பொறுப்பு என்பதுதான் விடை காணாத வினாவாக நிற்கிறது. உரிமையாளரின் தொலைபேசி எண்ணைத் தெருவில் ஒருவரேனும் வைத்திருப்பதும், அவர் அனுமதியோடு மாதமொருமுறை யாராவது ஏறிப் பார்ப்பதும் சில பேட்டைகள் கண்ட வழி.

மின்சாரம் என்னும் மறைந்த பகை

1899-இல் கொல்கத்தாவில் மின்விநியோகம் தொடங்கிற்று. அக்காலத்திலிருந்து ஒட்டுப்போட்டு ஒட்டுப்போட்டு வந்த கம்பிகள் பழைய வீடுகளின் ஈரச் சுவர்களுக்குள் இன்றும் ஓடுகின்றன. ஈரமும் மின்சாரமும் ஒரே சுவரில் குடியிருக்கலாகாது. கம்பிகளைப் புதுப்பிக்கும்போது கீழ்த்தளத்துக்கெனத் தனி எம்.சி.பி. வைத்துக்கொண்டால், வெள்ளம் வருகையில் அதை மட்டும் அணைத்து மாடியில் விளக்கோடு இருக்கலாம். சொருகுமிடங்களைத் தரையிலிருந்து நான்கடிக்கு மேல் உயர்த்தலாம். 30 மில்லியாம்பியர் கசிவுக்கே இணைப்பைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. என்னும் சாதனம் ஒரு குடும்பத்தின் ஒரு மாத மளிகைச் செலவுக்குள் அடங்கும். அதை வைத்து, மாதம் ஒருமுறை அதன் சோதனைப் பொத்தானை அழுத்திப் பார்ப்பதை எந்த வீடும் தள்ளிப்போடலாகாது.

பெட்டிச் செய்தி: வெள்ளம் வருமுன், வந்தபின்

• ஸ்நான அறைச் சாக்கடை பொங்கும் வீடுகளில், வெளிக்குழாயில் எதிரோட்டத்தைத் தடுக்கும் வால்வு பொருத்துங்கள். அது இல்லாதபோது, பிளாஸ்டிக் பையில் மணல் நிரப்பித் துவாரத்தின்மேல் அழுத்திவையுங்கள்.
• நீர் சொருகுமிடத்தை எட்டுமுன்னரே, உலர்ந்த இடத்தில் நின்று மெயினை அணையுங்கள். எட்டிவிட்டால் கிட்டே போகாதீர்கள்; மின்நிறுவனத்துக்குச் சொல்லுங்கள்.
• தேங்கிய நீரில் நடக்கும்போது விளக்குக் கம்பத்தையும் இரும்புக் கதவையும் தொடாதீர்கள்.
• நனைந்த குளிர்ப்பெட்டி, மோட்டார் முதலியவற்றை மின்பணியாளர் சோதிக்காமல் இயக்கவேண்டாம்.
• வீட்டுப் பத்திரம், ரேஷன் அட்டை, மருந்துச் சீட்டு ஆகியவை ஒரே நீர்புகாப் பையில், மேல் அலமாரியில்.

பங்காளிகளின் வீடு

இதுவரை சொன்ன பரிகாரங்கள் யாவும் அறிவாலும் சிறிது பணத்தாலும் ஆகக்கூடியவை. கொல்கத்தாவில் வீடுகள் பாழாவதற்கு இவற்றைக் கடந்த ஒரு காரணம் உண்டு. அது பாத்தியதையைப் பற்றியது.

நம் தமிழ்நாட்டுக் குடும்பங்கள் மிதாக்ஷரம் என்னும் வாரிசுமுறையைப் பின்பற்றியிருக்க, வங்காளம் ஜீமூதவாகனரின் தாயபாகத்தைத் தழுவியது. தந்தையின் மரணத்துக்குப் பின் ஒவ்வொரு வாரிசுக்கும் குறிப்பிட்ட பங்கு உண்டு. ஆனால் வீடு பிரிக்கப்படாமல் நிற்கும். 1956-இன் இந்து வாரிசுரிமைச் சட்டம் வந்த பின்னும், இரண்டு மூன்று தலைமுறைகளில் ஒரே வீட்டுக்கு இருபது முப்பது பங்காளிகள் சேர்ந்துவிடுவது அங்கே சாதாரணம். ஒருவர் டில்லியில், ஒருவர் அயல்நாட்டில், ஒருவர் அதே வீட்டின் பின்கட்டில். ஒழுகும் மேல்தளம் எல்லோருக்கும் பொது. ஆகவே அதைச் செப்பனிட ஒருவரும் முன்வருவதில்லை. செப்பனிட்டவரிடம் "யாரைக் கேட்டுச் செய்தீர்?" என்ற கேள்வி வரும். இதனோடு வாடகைதாரர் சங்கதி. 1956-இன் வாடகைச் சட்டம் குடியிருப்போரைத் தெருவில் தள்ளாது காத்தது, அது நற்செயலே. ஆயினும் உயராது நின்ற வாடகையைக் கொண்டு சுவர் பூசவும் இயலாது என்று உரிமையாளரும், சுவர் பூசாத வீட்டுக்கு வாடகை உயர்த்த மாட்டோம் என்று குடியிருப்போரும் பல பத்தாண்டுகள் நின்றுவிட்டனர். 1997-இல் இயற்றப்பட்டு 2001-இல் நடப்புக்கு வந்த புதுச் சட்டம் அம்முடிச்சை முழுவதும் அவிழ்த்துவிடவில்லை. இறுதியில் 'அபாயகரமான கட்டடம்' என்ற மாநகராட்சிப் பலகை வாசலில் ஏறுகிறது. போக வேறிடமில்லாதவர்கள் அப்பலகையின் கீழேயே சமைத்து உண்டு உறங்குகின்றனர்.

புதுக் குடியிருப்புகளிலோ நோய் வேறு வடிவம் கொள்கிறது. 2024 மார்ச் 17 நள்ளிரவு கார்டன் ரீச்சில் கட்டப்பட்டுவந்த ஐந்தடுக்குக் கட்டடம் அருகிலிருந்த குடிசைகளின்மீது சரிந்து பத்துக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோயிற்று. 2025 ஜனவரியில் பாகாஜதினில், தாழ்ந்துபோன நான்கடுக்குக் கட்டடத்தைத் தூக்கி நிறுத்தும் வேலை நடந்தபோதே அது சாய்ந்தது. 2019 ஆகஸ்டு இறுதியில் பௌபஜாரில் மெட்ரோ சுரங்கம் தோண்டுகையில் நிலத்தடி நீர் புகுந்து, மேலேயிருந்த பழைய வீடுகள் வெடித்து விழுந்தன. இம்மண்ணின்கீழ் நீர் எவ்வளவு அருகில் இருக்கிறது என்பதை இக்கடைசி நிகழ்ச்சி பிரத்தியட்சமாக உணர்த்துகிறது. மேற்கு வங்கத்தின் 1984-ஆம் ஆண்டு உள்நாட்டு மீன்வளச் சட்டம் ஐந்து கட்டா, அதாவது சுமார் 0.035 ஹெக்டேர், பரப்பும் அதற்கு மேலும் உள்ள நீர்நிலைகளைத் தூர்ப்பதைத் தடைசெய்கிறது. எனினும் குளங்கள் மனைகளாவது நின்றபாடில்லை. வீடு வாங்குவோர் பத்திரத்தைப் பார்ப்பதோடு அமையாமல், நிலப் பதிவேட்டில் அம்மனை முன்பு எவ்வாறு வகைப்படுத்தப்பட்டிருந்தது என்பதைப் பார்க்கவேண்டும், அத்தெருவில் ஐம்பதாண்டு இருந்த முதியவரிடம் "இங்கே குளம் இருந்ததா?" என்று கேட்கவேண்டும். மாநகராட்சியின் கட்டட நிறைவுச் சான்றிதழ் இல்லாமல் முன்பணத்துக்கு மேல் ஒரு காசும் கொடுக்கலாகாது.

பேட்டையின் ஞானம்

கொல்கத்தாவின் பேட்டைக்கு, அதாவது அவர்கள் சொல்லும் பாடாவுக்கு, ஒரு தனிச்சிறப்பு உண்டு. வீட்டின் முன்புறத் திண்ணையில் மாலைவேளையில் கூடி உட்காருகிறவர்கள் கால்பந்தையும் அரசியலையும் மட்டும் பேசுவதில்லை; எந்தக் குழாய்மிஸ்திரி நாணயமானவர், எந்தச் சாக்கடை வாய் அடைத்துக்கொண்டிருக்கிறது, யார் வீட்டு மாடிச் சுவர் பிதுங்கியிருக்கிறது என்பவையும் அங்கே பரிமாறப்படுகின்றன. பூஜைக்கு வீடு வீடாய் நிதி சேர்த்து, கணக்கு வைத்து, பந்தல் எழுப்பி, விழா முடிந்ததும் பிரித்து அகற்றும் திறமை ஒவ்வொரு பேட்டைக் கழகத்துக்கும் உண்டு. அத்திறமையில் பத்தில் ஒரு பங்கு மழைக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை தெருவின் சாக்கடை வாய்களையும் மொட்டை மாடிகளையும் மின்பெட்டிகளையும் பார்வையிடத் திரும்பினால், அதன் பயன் அளவிடற்கரியது.

வாய்மொழி அறிவுக்கு ஒரு குறையும் உண்டு. சொன்னவர் போனால் அதுவும் போய்விடுகிறது, தவறான யோசனையும் நல்ல யோசனையும் ஒரே நம்பிக்கையோடு பரவுகின்றன. ஆதலால் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு குறிப்பேடு வேண்டும்: குழாய்கள் எந்தச் சுவரில் ஓடுகின்றன, மேல்தளம் என்று செப்பனிடப்பட்டது, எந்தக் கலவையால், யார் செய்தது, என்ன செலவு, அந்தப் பரிகாரம் எத்தனை மழைக்காலம் தாங்கியது. பங்காளிகள் வீட்டில் இக்குறிப்பேடு இன்னும் முக்கியம். மாதம் சிறு தொகை பொதுநிதியாகச் சேர்த்து, எழுத்து மூலமான இசைவோடு, அவசரச் செப்பனுக்கு ஒருவருக்கு அதிகாரம் தந்துவிட்டால், வழக்கு நீதிமன்றத்தில் நடந்துகொண்டிருக்கும்போதே கூரையாவது நிலைத்து நிற்கும். வீட்டை விற்கும்போதோ வாடகைக்கு விடும்போதோ அந்தக் குறிப்பேட்டை அடுத்தவர் கையில் கொடுப்பது பத்திரத்தைக் கொடுப்பதற்கு நிகரான கடமை.

இவ்வறிவின் பங்கு யாருக்கு இதுகாறும் எட்டவில்லை என்பதையும் நினைக்கவேண்டும். கீழ்த்தளத்து ஒற்றையறையில் வாடகைக்கு இருப்பவரும், மாடிப்படியின் அடியில் உறங்கும் காவற்காரரும், காலையில் நீர் பிடிக்க வரும் பணிப்பெண்ணும்தான் முதலில் நனைகிறார்கள். மெயின் எங்கே இருக்கிறது என்பது பெரும்பாலும் அவர்களுக்குத் தெரியாது. அதை அவர்களுக்குக் காட்டிவைப்பதற்குச் செலவு ஒன்றுமில்லை. பருவமழை ஜூன் இரண்டாம் வாரத்தில் வரும். மாடியைப் பார்க்கவும், சாக்கடை வாயைத் திறக்கவும், பக்கத்து வீட்டாரோடு ஒரு மாலை உட்கார்ந்து பேசவும் சித்திரை வைகாசி இரண்டு மாதமும் நம் கையில் இருக்கின்றன.